மணி கணக்கில் எழுதுங்கள்!

சித்திரை வெயிலில் அருப்புக்கோட்டை - திருச்சுழி ரோட்டில் நடந்து பார்த்தால் தெரியும். கண்ணுக்கெட்டிய தூரம் கருவேல முள். நிழல் எங்கே, ஃபேன் எங்கே என்பது அங்கே மனிதனுக்கு முன்னால் நாய்க்குத் தெரிந்துவிடும்!

எங்கள் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றுக்கு மணி அப்படித்தான் வந்து சேர்ந்தது. கதவு திறந்ததும் முதல் ஆளாக நுழைந்து, ஃபேனுக்கு நேர் கீழே படுத்துவிடும்.

"கையெழுத்துப் போடாத குறைதான் சார், மத்தபடி ரெகுலர் வாசகர்" என்பார் நூலகர்.

நானும் மணி கட்சிதான். பி.காம். ஆயிற்றே, கணக்கும் வைத்திருந்தேன். வரவு: தினசரியை மேய வரும் ஆடுகளை விரட்டுவது. செலவு: தினம் இரண்டு பன். நிகர லாபம்!

உலகமே என் பக்கம் வேறு. டெக்சாஸில் ஒயிட் செட்டில்மெண்ட் என்ற ஊர் நூலகத்தில் எலி பிடிக்க வந்த பூனை 'பிரவுசர்'. 2016ல் நகரசபை அதை வெளியேற்ற ஓட்டுப் போட்டது. ஜனங்கள் கொதித்ததும் அடுத்த கூட்டத்திலேயே முடிவு வாபஸ். போர்ச்சுகலில் கோயம்பிரா பல்கலைக்கழகப் பழைய நூலகத்தில் புத்தகப் பூச்சிகளைத் தின்ன வௌவால்களே குடியிருக்கின்றன. எச்சம் படாமலிருக்க ராத்திரியில் மேஜைகளைத் தோலால் மூடி வைக்கிறார்கள். அவ்வளவு ஏன், நம் திருச்சுழியில் பிறந்த ரமணரின் ஆசிரமத்தில், 1948ல் இறந்த பசு லட்சுமிக்குச் சமாதியே இருக்கிறது!

ஒரு சனிக்கிழமை. வாசலுக்கு வெளியே, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி ஏழாவது படிக்கிற பையன் ஒருவன் வெயிலில் நின்றான்.

"உள்ளே வாடா தம்பி."

"நாய் இருக்குண்ணே."

"அது கடிக்காதுடா."

"என்னைக் கடிச்ச நாயையும் அப்படித்தாண்ணே சொன்னாக."

கெண்டைக்காலில் தழும்பு. மூன்று சனிக்கிழமையாக வாசல் வரை வந்து திரும்பியிருக்கிறான்!

என் பாலன்ஸ் ஷீட் அங்கேயே கிழிந்தது. வெறிநாய்க்கடியில் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. லட்சுமி இறந்த அதே 1948ல்தான் நம் மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுவது மணி அல்ல; அந்தப் பையனின் அப்பா!

2025 நவம்பர் 7ல் சுப்ரீம் கோர்ட், கல்வி நிலையம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அப்புறப்படுத்த உத்தரவிட்டது. நூலகம் என்று தனியாகச் சொல்லவில்லை. எனவே நாங்களே வாசகர் வட்டத்தில் கூடி எழுதினோம்:

மணிக்குத் தடுப்பூசி, கருத்தடை இரண்டும் உண்டு. பன்னும் தண்ணீரும் காம்பவுண்டுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில். வாசலுக்குக் கம்பிக் கதவு. ஆட்டுக்கும் இதே சட்டம். பார்வையற்றவரை அழைத்து வரும் பழக்கிய நாய்க்கு மட்டும் தடையில்லை.

பன் செலவு என்னுடையது. பிரியம் வைத்தவன்தானே பில் கட்டவேண்டும்?

அடுத்த சனிக்கிழமை பையன் உள்ளே வந்தான். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தான். தாமதத்துக்கு அபராதம் எழுத நூலகர் பேனாவை எடுத்தார்.

"மணி கணக்குல எழுதுங்க சார்" என்று சில்லறையை நீட்டினேன்.