ஸ்பீக்கர் ஸ்டாண்ட்: காசு கொஞ்சம், கனம் கூட

போன முறை ரிசீவர் வாங்குவதைப் பற்றி எழுதியதும் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஸ்பீக்கர் ஜோடிக்கே இருநூறு டொலர்தான் குடுத்தனாங்கள். அதைத் தூக்கி வைக்கிற கம்பிக்கும் இருநூறோ?" நியாயமான கேள்வி. மோர்ட்கேஜ், டேகேர், மிருதங்க வகுப்பு எல்லாம் போய் மிஞ்சுகிற காசில்தான் எங்களுடைய இந்த ஆசைகளும் நடக்கின்றன. ஆகவே இந்த முறை ஸ்டாண்ட்.

ஸ்டாண்டுக்கு வேலை மூன்றுதான். ஸ்பீக்கரைச் சரியான உயரத்தில் வைப்பது, சரியான இடத்தில் வைப்பது, விழாமல் வைத்திருப்பது. முதல் இரண்டுக்கும் பெரிய காசு தேவையில்லை. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிற வீட்டில் மூன்றாவதுதான் யோசிக்க வேண்டியது. அதற்கும் காசை விடக் கனம்தான் முக்கியம்.

எத்தனை அங்குலம்?

வழமையாக இருந்து படம் பார்க்கிற செற்றியில் இருந்துகொண்டு, தரையிலிருந்து உங்கள் காது வரை டேப் பிடித்து அளவுங்கள். பெரும்பாலும் 36 முதல் 40 அங்குலத்துக்குள் வரும். பிறகு ஸ்பீக்கரின் அடியிலிருந்து ட்வீட்டர், அதாவது அந்தச் சின்ன வட்டம், எத்தனை அங்குலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முதல் கணக்கிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஸ்டாண்டின் உயரம் வந்துவிடும். காது 38, ட்வீட்டர் 9 என்றால் 29 அங்குலம். கடையில் 28 கிடைத்தாலும் 30 கிடைத்தாலும் குறையொன்றுமில்லை. கூர்மையான சத்தங்கள் டோர்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும். அதனால்தான் ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும் என்கிறோம்.

பின் ஸ்பீக்கர்கள் காது மட்டத்திலோ கொஞ்சம் மேலேயோ இருக்கலாம். "பின்" என்று சொன்னாலும் 5.1 அமைப்பில் அவற்றின் இடம் அறையின் பின் மூலை இல்லை. ரீவியை நேராகப் பார்த்தால் 0 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் 110 முதல் 120 பாகைக்குள் அவை வர வேண்டும். அதாவது தோளுக்குப் பக்கத்தில், ஒரு சாடை பின்னால். செற்றியைச் சுவரோடு தள்ளிப் போட்டிருக்கிற டவுன்ஹவுஸ், கொண்டோக்காரர் செற்றியின் இரண்டு பக்கமும் வைத்தாலே போதும்.

எத்தனை ஜோடி வாங்க வேண்டும்?

பெரும்பாலான வீடுகளில் ஒரு ஜோடிதான். முன் இரண்டையும் ரீவி மேசையின் இரண்டு ஓரத்திலும் வைக்கலாம். படத்தில் கதைக்கிற சத்தத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. அது ரீவிக்குக் கீழே இருக்கும். "சத்தம் பெரிசாக் கேக்குது, ஆனா கதைக்கிறது ஒண்டும் விளங்கேல்லை" என்று அம்மம்மா சொன்னால் புது ஸ்டாண்ட் வாங்கி அவருக்குப் பிரயோசனம் இல்லை. நடு ஸ்பீக்கரை மேசையின் முன் விளிம்புக்கு இழுத்து, முன்பக்கத்துக்கு அடியில் இரண்டு ரப்பர் துண்டு வைத்து, முகத்தைக் காதுப் பக்கம் நிமிர்த்துங்கள். ரிசீவரில் அந்த ஒன்றை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். செலவு பூச்சியம். எங்கள் பிள்ளைகளுக்கும் இது நல்லது. தமிழ்ப் படத்தில் ஒரு சொல் காதில் தெளிவாக விழுந்தால்தான் "அப்படியெண்டால் என்ன?" என்று கேட்பார்கள். விழாவிட்டால் கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தை வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பின் ஸ்பீக்கர்களில் வருவது மழை, சனக்கூட்டம், கார் கடந்து போகிற சத்தம், பாட்டின் எதிரொலி. பழைய மோனோப் படங்களில் அதுவும் இல்லை. ரிசீவர் தானாகப் பிரித்துக் கொடுப்பதுதான். ஆகவே அங்கே நிற்கிற ஸ்டாண்ட் சத்தத்துக்காக விலை கூடியதாக இருக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டிலேயே மலிவான, மெல்லிய, உயரமான பொருளைப் பிள்ளைகள் ஓடித் திரிகிற செற்றிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

ஒரு பால் பைக் கணக்கு

மூன்று கிலோ ஸ்பீக்கர், இரண்டு கிலோ ஸ்டாண்ட், 24 சென்ரிமீற்றர் அகலமான அடித்தட்டு என்று எடுப்போம். இரண்டு வயதுப் பிள்ளை 60 சென்ரிமீற்றர் உயரத்தில் பிடித்து இழுக்கிறது. மொத்தக் கனம் 5 கிலோ. அதை அடித்தட்டின் பாதியான 12ஆல் பெருக்கி 60ஆல் பிரியுங்கள். விடை 1. ஒரு கிலோ இழுவைக்கே ஸ்டாண்ட் சரியத் தொடங்கும். ஒன்ராறியோவில் நாங்கள் வாங்குகிற நாலு லீற்றர் பாலில் உள்ளே மூன்று பை இருக்கும் அல்லவா, அதில் ஒரு பையின் பாரம் கூட இல்லை. செற்றியைப் பிடித்து எழும்புகிற பிள்ளை அதைவிடக் கூடத்தான் இழுக்கும்.

இப்போது அதே ஸ்டாண்டை 40 சென்ரிமீற்றர் சதுரப் பலகையில் திருகாணி போட்டுப் பூட்டி, பலகையோடு சேர்த்து அடியில் ஐந்து கிலோ கூட்டுங்கள். பத்தை 20ஆல் பெருக்கி 60ஆல் பிரித்தால் 3.3. மும்மடங்குக்கு மேல். பெரிய ஹார்ட்வெயர் கடைகளில் வாங்குகிற பிளைவுட்டை அங்கேயே அளவுக்கு வெட்டித் தருவார்கள். கனத்துக்கு, பேஸ்மென்டில் தூசி பிடித்துக் கிடக்கிற உடற்பயிற்சி இரும்புத் தட்டு போதும். அதையும் பலகையோடு பூட்டிவிடுங்கள். அந்தத் தட்டுக்கு ஒருவழியாக ஒரு வேலை கிடைக்கிறது.

தூண் உள்ளே வெறுமையாக இருக்கிற ஸ்டாண்ட் என்றால் மண் நிரப்பலாம். பிள்ளைகள் விளையாட விற்கிற மண்ணை நன்றாகக் காயவைத்து, உறுதியான பிளாஸ்டிக் பையில் கட்டி இறக்குங்கள். கனத்துக்காக ஈயக் குண்டு போடுகிறவர்களும் உண்டு. பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் ஈயம் வேண்டவே வேண்டாம்.

ஆனாலும் பன்னிரண்டு கிலோப் பிள்ளை முழுப் பாரத்தோடு தொங்கினால் எந்த ஸ்டாண்டும் நிற்காது. அதனால் கடைசிக் காப்பு ஒரு பட்டி. புத்தக அலுமாரி சரியாமல் இருக்கச் சுவரோடு கட்டுகிற அதே பட்டிதான். திருகாணி சுவருக்குள் இருக்கிற மரச் சட்டத்தில் இறங்க வேண்டும். வெறும் டிரைவோலில் போட்டால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இங்கே அந்தச் சட்டங்கள் வழமையாக 16 அங்குலத்துக்கு ஒன்றாக இருக்கும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். போகும்போது ஓட்டையை அடைப்பது பத்து நிமிட வேலை. ஸ்பீக்கர் தட்டிலிருந்து வழுக்காமல் இருக்க, அடியில் நாலு மூலையிலும் ஒட்டுக் களிமண் ஒரு சின்ன உருண்டை வையுங்கள்.

வாங்கப் போகும்போது

பெட்டியில் எழுதியிருக்கிற பாரம் தாங்கும் அளவை முதலில் பாருங்கள். அடுத்து ஸ்பீக்கரின் பின்புறத்தைப் பாருங்கள். சாவித்துளை மாதிரி வெட்டு இருக்கிறதா, கமரா ட்ரைபோட்டில் இருக்கிற கால் அங்குலத் திருகு இருக்கிறதா, இரண்டும் இல்லையா? இரண்டும் இல்லாவிட்டால் மேலே அகலத் தட்டு இருக்கிற ஸ்டாண்ட்தான் சரி. உயரம் கூட்டிக் குறைக்கிற மெல்லிய ஸ்டாண்டுகள் சின்ன ஸ்பீக்கருக்கு மட்டும். அவற்றைப் பாதி உயரத்துக்கு மேல் இழுத்தால் ஆடும்.

பாவித்த ஸ்டாண்ட் வாங்கத் தயங்க வேண்டாம். அதில் பழுதாகிப் போக மின்சாரப் பாகம் எதுவும் இல்லை. திருகுகள் எல்லாம் இருக்கிறதா, நேராக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய இரும்பு ஸ்டாண்டுகள் பெரும்பாலும் இன்றைய மலிவு ஸ்டாண்டுகளை விடக் கனமானவை. எங்களுக்கு வேண்டியதும் அதுதான். அடியில் கூர் முனை இருந்தால் கார்பெட்டுக்கு நல்லது, மரத் தரைக்கு ரப்பர் பாதம் போடுங்கள்.

வயரை ஸ்டாண்டின் குழாய்க்குள்ளால் இறக்கி, சுவரோரத்தில் கிளிப் அடித்துக் கொண்டுபோங்கள். வீட்டுத் தூரங்களுக்கு 16 கேஜ் வயர் போதும். தரையில் தொய்ந்து கிடக்கிற வயர், பிள்ளை ஸ்டாண்டைத் தொடாமலே அதை விழுத்துவதற்கு வழி. இரவில் எழும்பி நடக்கிற அப்பப்பாவுக்கும் அது கண்ணி.

செற்றி அறையின் நடுவில் இருக்கிறது, சுவரோடு கட்ட வழியில்லை என்றால், பிள்ளை கொஞ்சம் வளரும்வரை பின் ஸ்பீக்கர்களைச் சுவரில் பூட்டுங்கள், அல்லது கட்டி வைத்த புத்தக அலுமாரியின் மேல் வையுங்கள். பாகை கொஞ்சம் பிசகும், மழைச் சத்தம் சற்றுத் தள்ளிக் கேட்கும். அவ்வளவுதான் நட்டம்.

ஏற்கெனவே ஸ்டாண்ட் வைத்திருப்பவர்கள் இந்தச் சனிக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்குக் குனிந்து, ஒரு கையால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். ஒரு விரலுக்கு அது சரிந்தால், அன்றைக்கே பட்டி வாங்கிக் கட்டிவிட்டுப் படத்தைப் போடுங்கள்.