முதல் ஓசை எளிது

எளிமை காட்டி மயக்கும் கலைகளும் உள. அருமை காட்டி அச்சுறுத்தும் கலைகளும் உள. வயலினைக் கையிலெடுத்த பிள்ளை பல திங்கள் காறும் வீட்டார் செவியை வருத்தியே தீரும். புல்லாங்குழலோ முதல் நாளில் ஓசை தரவே மறுக்கும். பியானோ அத்தகையதன்று. இன்று அதன்முன் அமர்ந்த குழந்தை ஒரு கட்டையை அழுத்தினாலும், அரங்கேறிய வித்துவான் அதே கட்டையை அழுத்தினாலும் எழுகின்ற சுரம் ஒன்றே. இந்த எளிமையைக் கண்டு பெற்றார் மகிழ்கின்றனர். ஆறு திங்களிற் பெரும்பாடல்களைக் கேட்கலாமென எண்ணுகின்றனர். அவ்வாறு நிகழாதபோது பிள்ளைக்குத் திறமையில்லை என்றோ, ஆசிரியர் சரியில்லை என்றோ முடிவு கட்டிவிடுகின்றனர். யான் இசைவாணன் அல்லேன். கற்பித்தலையே தொழிலாகக் கொண்டவன். அந்நிலையில் நின்று இதுபற்றிச் சில கூற விழைகின்றேன்.

முதற்கண் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். கட்டையை அழுத்தியவுடன் உள்ளேயுள்ள கம்பளி பொதிந்த சிறு சுத்தியலொன்று எழுந்து தந்தியைத் தாக்கி மீளும். தந்தியின் சுருதியை முன்னரே அமைத்து வைத்தவர் சுருதி கூட்டுவோர். வாசிப்போர் கையில் எஞ்சியிருப்பவை எப்போது அழுத்துவது, எத்துணை விசையுடன் அழுத்துவது, எப்போது விடுவது என்னும் மூன்றுமே. 1700 ஆம் ஆண்டளவில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலே கிறிஸ்தோபரி என்பார் இக்கருவியை ஆக்கியது, விரலின் விசைக்கேற்ப மெல்லோசையும் வல்லோசையும் பிறத்தற்பொருட்டேயாம். பிற கருவிகளிற் சுருதி காணச் செலவாகும் உழைப்பு, இங்கே காலத்தையும் விசையையும் ஆளுதற்குச் செலவாகின்றது.

ஆதலின் தொடங்குவோர் எதனை எதிர்பார்த்தல் தகும்? 88 கட்டைகளுள் முதற் சில கிழமைகளிற் கையாளப்படுவன ஐந்தோ பத்தோதான். இருக்கையின் உயரம், தோளின் தளர்வு, வளைந்து நிற்கும் விரல், பெருவிரல் முதலாக ஒன்றிலிருந்து ஐந்துவரை விரல்களுக்கிட்ட எண் ஆகியவற்றிலேயே பொழுது கழியும். பின்னர் வலக்கை தனியே வாசிக்கும். இடக்கை தனியே வாசிக்கும். இரண்டும் கூடும் நாளிலேதான் உண்மையான இடர் தோன்றும். தனித்தனியே நன்கு நடந்த கைகள், கூடியவுடன் ஒன்றையொன்று இடறிவிடும். கண்ணுக்கும் இருமடங்கு வேலையுண்டு. ஐந்து கோடுகள் கொண்ட தொகுதி இரண்டினை ஒருங்கே நோக்கல் வேண்டும். மேற்றொகுதியின் அடிக்கோட்டில் அமர்ந்த குறி ஒரு சுரத்தையும், கீழ்த்தொகுதியின் அடிக்கோட்டில் அமர்ந்த குறி வேறொரு சுரத்தையும் காட்டும். இத்தடுமாற்றம் திறமையின்மையின் அறிகுறியன்று. எல்லாரும் கடக்கும் வாயில் அது. சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் வருந்துவதினும் நாடோறும் இருபது நிமிடம் மெல்ல வாசித்தல் இவ்வாயிலை விரைவிற் கடத்தும்.

பெருமேதைகளும் தம் மக்களை இப்படியிலிருந்தே ஏற்றினர். செருமனிய இசைஞராகிய பாக், 1720 ஆம் ஆண்டிலே ஒன்பது வயதினனாகிய தம் மூத்த மகனுக்கென ஓர் ஏட்டைத் தொடங்கினார். அதன் முகப்பில் நிற்பவை அரும்பாடல்கள் அல்ல; சுரக்குறிகளின் விளக்கமும், எவ்விரலை எங்கு வைப்பதென எண்ணிட்டுக் காட்டும் சிறு பாடமுமே. ஹங்கேரி நாட்டுப் பார்ட்டோக் 1926 முதல் 1939 வரை இயற்றிய ‘மிக்ரோகொஸ்மொஸ்’ என்னும் தொகுதி ஆறு பாகங்களில் 153 பாடல்களை உடையது. முதலிரு பாகங்களை அவர் தம் மகனுக்கு உரிமையாக்கினார். அதன் தொடக்கப் பாடல்களில் இரு கைகளும் ஒரே மெட்டையே வாசிக்கின்றன. நம் மரபிற் சரளி வரிசையை மூன்று காலத்திலும் பாடவைத்த ஆசிரியன்மாரின் நோக்கமும் இதுவேயன்றோ?

இனி, நம் நாட்டில் இக்கல்வியைப் பிடித்துள்ள நோயொன்றைக் கூறல் வேண்டும். 1889 ஆம் ஆண்டில் இலண்டனில் நிறுவப்பெற்ற அரச இசைப்பள்ளிகளின் கூட்டுச்சபை நடத்தும் தரப் பரீட்சைகள் இங்கும் நெடுங்காலமாக நடைபெறுகின்றன. அவற்றின்மேற் குறைகூற யான் முற்படவில்லை. அதன் செயன்முறைப் பரீட்சையில் மொத்தப் புள்ளி 150. சித்தியடையப் பெறவேண்டியது 100. மூன்று பாடல்களையும் பழுதற வாசித்து முழுப்புள்ளி பெற்றாலும் 90 தான் கிடைக்கும். எஞ்சிய 60 புள்ளிகள் சுரவரிசைக்கும், முன் காணாத இசையைப் பார்த்த மாத்திரத்தே வாசித்தற்கும், செவிப்பயிற்சிக்கும் உரியன. மூன்று பாடல் போதாதென்று பரீட்சையே சொல்கின்றது. நாமோ ஓராண்டு முழுவதும் அம்மூன்றையே உருப்போட வைத்து, ஏனையவற்றைக் கடைசித் திங்களில் ஒருவாறு ஒப்பேற்றுகின்றோம். ஐந்தாம் தரச் சான்றிதழைச் சுவரில் மாட்டிய பிள்ளை, முதலாந் தரத்துப் புதிய பாடலொன்றை முன்வைத்தால் திகைத்து நிற்கின்றது. உரைக்குறிப்பை மனனஞ் செய்து தமிழிற் சிறப்புச் சித்தி பெற்ற மாணாக்கன், தான் பயிலாத வெண்பா ஒன்றைச் சீர்பிரித்துப் படிக்க இயலாது விழிப்பதை வகுப்பறையிற் காணும் நமக்கு இந்நோய் புதியதன்று. இருவரும் பாடத்தைப் பெற்றனர், எழுத்தறிவைப் பெற்றிலர்.

ஆகவே முதலிரண்டு ஆண்டுகளிற் பரீட்சையை நினையாதிருத்தலே நன்று என்பது என் துணிபு. ஆசிரியரிடம் பெற்றார் கேட்கவேண்டியது, “அடுத்த தரம் எப்போது?” என்பதன்று, “இக்கிழமை புதிதாக எதைத் தானே வாசித்தான்?” என்பதே. வீட்டிற் பியானோ இல்லையே என வருந்துதலும் வேண்டா. விசைக்கேற்ப ஓசை கூடிக் குறையும், கனமான கட்டைகளையுடைய மின்பியானோ தொடக்கத்திற்குப் போதும். மரப்பியானோ வாங்குவோர், ஈரக்காற்று மிக்க நம் நாட்டில் மரம் உப்பிச் சுருதி விலகும் என்பதை மறவாது, சுருதி கூட்டுவோரை ஆண்டுதோறும் அழைத்தல் கடன்.

நான்கு வரி கொண்ட எளிய மெட்டொன்றைப் பிறர் துணையின்றித் தானே எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை, முதலாண்டிற் பெறவேண்டியதைப் பெற்றுவிட்டது. அதனைச் சிறிதென எண்ணற்க. பரீட்சைகள் முடிந்து, ஆசிரியர் வருகையும் நின்ற பின்னர் அப்பிள்ளையை மீண்டும் கருவியின்முன் அமர்த்துவது அந்த ஆற்றல் ஒன்றே.