பத்துப் பேரின் பட்டியலும் நாங்கள் விட்ட பிழையும்

போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்த கிழமை நாங்கள் ஒரு பட்டியல் போட்டோம். மருதமுனை தொடக்கம் நிந்தவூர் வரைக்கும் கழகங்களுக்கு விளையாடும் பத்துப் பொடியன்கள். ஐந்து வருடத்துக்குள் இவர்களில் ஒருத்தராவது தேசிய அணிக்குப் போவார் என்று தலைப்பிலேயே எழுதினோம். நாங்கள் எழுதியதிலேயே அதிகம் பேர் பகிர்ந்தது அதுதான்.

முதலாம் இடத்தில் போட்ட தம்பி போன மாதம் கட்டாருக்குப் போய்விட்டான். வழியனுப்பப் போன எங்களிடம் அவனது உம்மா கேட்டார்: “நீங்கதானே மகன் எழுதினீங்க, இவன் பெரிய ஆளா வருவான் எண்டு? அத நம்பித்தான் இவன் கணிதப் பாடம் திரும்ப எழுதாம மைதானமே கதியெண்டு கிடந்தான்.” எங்களால் ஒண்டும் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காகத்தான்.

அந்தப் பட்டியலை எப்படிச் செய்தோம் என்பதை முதலில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். மூன்று மென்பந்துச் சுற்றுப்போட்டிகளின் இறுதியாட்டங்களைப் பார்த்தோம். போனில் வந்த வீடியோக்களைப் பார்த்தோம். யார் எத்தனை சிக்ஸர் அடித்தார் என்று எண்ணினோம். அவ்வளவுதான். ஐந்து ஓவர் ஆட்டம். எல்.பி.டபிள்யூ இல்லை, பந்து தையலில் பட்டுத் திரும்புவதும் இல்லை. விலா எலும்பில் பட்டால்கூட சிரித்துக்கொண்டு எழும்பலாம். அந்த ஆட்டத்தில் கெட்டிக்காரன் அந்த ஆட்டத்தில் கெட்டிக்காரன்தான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதை வைத்து கடினபந்தில் அவன் என்ன செய்வான் என்று நாங்கள் எழுதியது வெறும் ஆசை.

இந்த வேலையை ஒரு தொழிலாகவே செய்கிறவர்கள் அமெரிக்க பேஸ்போல்காரர்கள். அங்கே மேல்மட்டத்தில் 30 அணிகள். 2021 தொடக்கம் அவற்றுக்குக் கீழே 120 சிறு அணிகள், நான்கு படிகளாக இருக்கின்றன. ஒரு பொடியன் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். அவனைப் பார்க்கப் போகிறவர் 20 முதல் 80 வரைக்கும் புள்ளி போடுவார், 50 என்றால் மேல்மட்டத்து வீரனின் சராசரி. நாங்கள் கவனிக்க வேண்டியது, அவர் ஒரே திறமைக்கு இரண்டு புள்ளி போடுகிறார் என்பதைத்தான். ஒன்று அவன் இண்டைக்கு எப்படி என்பதற்கு, மற்றது வளர்ந்தால் எப்படி வருவான் என்பதற்கு. பதினேழு வயதில் அடிக்கிறவனையும் இருபத்துநான்கு வயதில் அதே ஆட்டத்தில் அடிக்கிறவனையும் ஒரே தராசில் வைக்கமாட்டார்கள். எங்கள் பட்டியலில் வயதே இல்லை.

இவ்வளவு செய்தும் அவர்களுக்கும் பிழைக்கிறது. 1991இல் நாட்டிலேயே முதலாவதாகத் தெரிவான இடதுகைப் பந்துவீச்சாளர் பிரையன் டெய்லர், ஒரு சண்டையில் தோளில் காயப்பட்டு, கடைசி வரைக்கும் மேல்மட்டத்தில் ஒரு பந்தும் வீசவில்லை. 1988இல் 1390ஆவதாகத் தெரிவான மைக் பியாசா பிறகு அந்த விளையாட்டின் புகழ் மண்டபத்துக்கே போனார். கண்ணுக்குத் தப்பியவன் ஏறி வருவதற்கும், கூட மதிப்பிட்டவன் யாரென்று தெரிவதற்கும் அங்கே படிகள் இருக்கின்றன. எங்களிடம் இருப்பது சுற்றுப்போட்டி, அதற்குப் பிறகு கொழும்புக்கு ஓர் இரவுப் பஸ். நடுவில் ஒண்டுமில்ல.

“மாலிங்க ரத்கமவில மென்பந்து அடிச்சுத்தானே வந்தார்?” என்று கேட்பீர்கள். ஓம். ஆனால் அவரைக் கண்டவர் சம்பக ராமநாயக்க, தானே டெஸ்ட் விளையாடியவர். ரத்கமவுக்குப் பக்கத்திலேயே காலியில் இருந்து, கையில் கடினபந்தைக் கொடுத்துப் பார்த்தவர். யாழ்ப்பாணத்து வியாஸ்காந்தும் திடீரென்று வரவில்லை. அவர் படித்த யாழ் மத்திய கல்லூரி 1904 தொடக்கம் சென் ஜோன்ஸோடு வடக்கின் பெரும் சமர் ஆடிவருகிறது. அப்படி ஒரு கடினபந்துப் பழக்கத்துக்குள் வளர்ந்த பிறகுதான் 2020இல் லங்கா பிரீமியர் லீக்குக்கும் 2024இல் ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்கும் போனார். திறமை மட்டும் போதாது, அதைப் பார்க்கத் தெரிந்த ஒருத்தர் பக்கத்தில் இருக்க வேண்டும், திரும்பத் திரும்பப் பார்க்க ஆட்டங்களும் இருக்க வேண்டும்.

கழகங்களிடம் நாங்கள் கேட்பது பெரிய காசு வேண்டிய விசயமல்ல. பரிசுக் கிண்ணத்துக்கும் பெனருக்கும் செலவழிப்பதில் ஒரு பங்கை எடுத்து, மாதத்தில் இரண்டு கடினபந்து ஆட்டங்களாவது வையுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஸ்கோர் புத்தகம் எழுதுங்கள், பெயருக்குப் பக்கத்தில் பிறந்த வருடத்தையும் போடுங்கள். ஒரு பொடியனை மூன்று மாதம் பார்க்காமல் ‘எதிர்கால நட்சத்திரம்’ என்று போஸ்டர் அடிக்காதீர்கள். “பரீட்சைய விட்டுட்டு வா” என்று யாரிடமும் சொல்லவே சொல்லாதீர்கள்.

நாங்களும் எங்கள் பங்குக்கு, பதினெட்டு வயதுக்குக் குறைந்த யாரையும் இனி முதலாம் இடம், இரண்டாம் இடம் என்று வரிசைப்படுத்தமாட்டோம். பழைய பட்டியலை அழிக்கவில்லை, அதன் மேலே இந்தக் கட்டுரையை இணைத்திருக்கிறோம். அந்த உம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். “அவன் வந்தா கணிதம் எழுத வைங்க” என்று மட்டும் சொன்னார்.

ஸ்கோர் புத்தகம் ஒன்று வாங்கியாயிற்று. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு சந்தாங்கேணி மைதானத்தில் இருப்போம். ஸ்கோர் எழுதத் தெரிந்த காக்காமார் இரண்டு பேர் வந்தால், எங்களுக்கும் பழக்கிவிடலாம்.