படலத்தின் தடிப்பும் பொறியின் கூற்றும்

வெற்றிடக் கலத்தினுள்ளே உலோகத்தை ஆவியாக்கிக் கண்ணாடித் தகட்டின்மீது மென்படலமாகப் படியவைக்கும் வித்தை, பௌதிகவியல் பயிலும் மாணவர் பலருக்கு இன்று கைவந்த தொழிலாகி வருகின்றது. வேண்டிய தடிப்பையும் வேகத்தையும் கட்டுப்படுத்தும் பொறியிற் குறித்துவிட்டால், உலோகத்தைப் படிப்படியாகச் சூடாக்குவதும், அது உருகிச் சீராகும்வரை மறைப்புத் தகட்டை மூடிவைத்திருப்பதும், பின்னர் அதனைத் திறந்து, தடிப்பு நிறைந்ததும் மூடுவதும் ஆகிய யாவற்றையும் அப்பொறியே செய்து முடிக்கும். நன்று. ஆயினும், அது படலத்தின் தடிப்பை அளக்கின்றது என மாணவர் எண்ணுவதை நாம் ஒப்பமாட்டோம்.

அது அளப்பது மீடிறனையே. ஆவி செல்லும் வழியில் வைக்கப்பட்ட சிறிய குவாட்சுப் பளிங்கொன்று செக்கனுக்கு ஏறத்தாழ 60 இலட்சம் முறை அதிர்கின்றது. உலோகம் அதன்மீது படியப் படிய மீடிறன் குறைகின்றது. அக்குறைவு படிந்த திணிவுக்கு விகிதசமமாகும் என்பதனை 1959 ஆம் ஆண்டிலே சவர்பிறே என்னும் செருமானிய அறிஞர் எடுத்துக்காட்டினார். (படிவு மிகுந்தவிடத்து இவ்விதி பிசகும், அதற்குரிய திருத்தம் 1972 இல் வெளிவந்தது.) திணிவிலிருந்து தடிப்பைக் கணித்தற்கு அடர்த்தி தெரிதல் வேண்டும். அதனைப் பொறிக்குச் சொல்பவர் யார்? அதன் முன்னே அமர்ந்திருக்கும் மாணவரே.

நேற்று அலுமினியம் படியவைத்த பொறியில் இன்று பொன்னைப் படியவைக்கின்றார் ஒருவர் என்று கொள்வோம். அலுமினியத்தின் அடர்த்தி நீரினும் 2.7 மடங்கு, பொன்னினது 19.3 மடங்கு. பழைய எண்ணை மாற்ற மறந்தாராயின், பொறி தடிப்பை ஏழு மடங்கு கூட்டிக் காட்டும். 100 நனோமீற்றர் ஆயிற்றென்று அது மறைப்புத் தகட்டை மூடும்போது கண்ணாடியில் இருப்பது 14 நனோமீற்றர் அளவே. அதனைச் சாளரத்துக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடே தெரியும். பொறியோ எவ்விதத் தயக்கமுமின்றி 100 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

இத்தகைய பெரும்பிழையைக் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். கண்ணுக்குத் தப்பும் பிழைகளே நமக்குக் கவலை தருவன. பளிங்கு ஓரிடத்திலும் கண்ணாடித் தகடு வேறோரிடத்திலும் இருப்பதால், இரண்டிலும் ஒரே அளவாக ஆவி படிவதில்லை. இதனை ஈடுசெய்யும் எண்ணை ஆய்வுகூடத்தார் 'டூலிங்' என்பர். பொறி 100 என்று காட்டிய படலம் ஊசிமுனைக் கருவியில் 80 என்று அளவிடப்பட்டால், முன்னிருந்த எண்ணை அவ்விகிதப்படி குறைத்தல் வேண்டும். தகட்டை ஏந்தும் தாங்கியைச் சற்றே இடம் மாற்றினாலும் இவ்வேலையை மீண்டும் செய்தேயாகவேண்டும்.

அடர்த்திகள் யாவும் அட்டவணையில் உள்ளனவே என்று சிலர் கூறுவர். அவை திண்மக் கட்டிக்கு உரியவை. மென்படலம் பெரும்பாலும் அவ்வளவு செறிவாய் அமைவதில்லை. மேலும், பளிங்கு வெப்பத்துக்கும் சிறிது இசைந்து மாறும். அதனாலேயே அதனை நீரோட்டத்தாற் குளிர்விக்கின்றனர். மறைப்புத் தகடு திறந்தவுடன் எண் சற்றுத் துள்ளினால், அது படிவின் வேகமென்று உடனே கொள்ளலாகாது.

ஆதலின், இத்துறையிற் புகும் நம் மாணவர் பொறியை இயக்கப் பழகுமுன், ஒரு படலத்தையேனும் தாமே அளந்து, பொறி காட்டிய எண்ணையும் தாம் கண்ட எண்ணையும் ஏட்டில் அருகருகே எழுதுதல் வேண்டும் என்பது நம் கருத்து. கட்டுப்படுத்தும் பொறிக்குப் பணம் ஒதுக்கும் துறைத்தலைவர்கள் ஊசிமுனைக் கருவிக்கும் ஒதுக்குவார்களாக. இரண்டுக்கும் பொருள் போதாதெனின் முதலில் வாங்கத்தக்கது பின்னையதே. படிவின் வேகத்தைக் கையால் திருத்திக்கொள்ளலாம். அளவுகோலின்றித் தடிப்பை அறிய வேறு வழி எளிதில் வாய்ப்பதில்லை.