பள்ளிக்கூடச் சுவரைக் காப்போம்!

கிராமத்துப் பள்ளிக்கூடம் யாரும் போட்ட பிச்சையல்ல. பாட்டாளி மக்கள் போராடிப் பெற்ற உரிமை.

அன்று இருந்தது திண்ணைப் பள்ளிக்கூடம். மிராசுதார் வீட்டுத் திண்ணையில் சேரிப் பிள்ளைக்கு இடமேது? 1950-ல் வந்த அரசியல் சட்டம், பத்தாண்டுக்குள் 14 வயது வரை எல்லோருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்றது. மூன்றே ஆண்டில், 1953-ல், ராஜாஜி சர்க்கார் என்ன செய்தது? கிராமத்துப் பிள்ளைக்கு அரை நேரம் படிப்பு, மிச்ச நேரம் அப்பன் தொழில் என்றது! மக்கள் கொதித்தெழுந்தனர். 1954-ல் அந்தத் திட்டம் மண்ணைக் கவ்வியது. 1956-ல் மதிய உணவு வந்தது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகள் நடந்தன. ஊர் மக்கள் நிலமும் ஓடும் பெஞ்சும் கொடுத்தனர். கொடுத்தவர் பெயர் கல்வெட்டில் ஏறியது. மண் சுமந்தவர் பெயர் ஏறவில்லை.

அந்தக் கட்டிடங்களின் கதி என்ன? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் தனியார் பள்ளியின் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். 2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் பலியாயினர். அதிகாரிகளின் கூப்பிடு தூரத்தில் இருந்த நகரத்துப் பள்ளிகளுக்கே இந்தக் கதி என்றால், ஜீப் போகாத கிராமத்துப் பள்ளியைச் சொல்லவும் வேண்டுமா? நெல்லை விபத்துக்குப் பின் பழுதடைந்த கட்டிடங்களை இடித்தார்கள். நல்லது. ஆனால் புதுக் கட்டிடம் எழும்வரை பிள்ளைகள் மரத்தடியிலா உட்காருவது?

இன்னொரு ஆபத்தும் உண்டு. பிள்ளைகள் வரவில்லை என்று சொல்லி, 2019-ல் 46 பள்ளிகளை நூலகமாக்க முடிவெடுத்தார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டார்களா? 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள், வகுப்போ ஐந்து! கூரையும் ஒழுகினால் தாய் தகப்பன் என்ன செய்வார்கள்? கூலிக் காசைத் தனியார் பள்ளியில் கொட்டுகிறார்கள். முதலில் புறக்கணிப்பு, பிறகு பூட்டு. இதுதான் சூழ்ச்சி.

தோழர்களே! அதே சட்டம் நம் கையில் ஓர் ஆயுதமும் தந்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். அந்த நாற்காலிகளில் நம் தாய்மார்கள் அமரட்டும். மே தினத்தன்று கூடும் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஆலைச் சங்கமும் தோள் கொடுக்கட்டும்.

இடித்த இடத்தில் உடனே கட்டிடம்! வகுப்புக்கு ஓர் ஆசிரியர்! ஒரு பள்ளியையும் மூடாதே!

இதுவே நம் கோரிக்கை. ஊர்தோறும் முழங்குவோம்.