லயமும் பெயரேடும்

இலங்கையின் புகையிரத நிலையங்கள் அனைத்திலும் உயரமாக, 6,226 அடியில் நிற்கும் பட்டிப்பொலயிலிருந்து இறங்கித் தோட்டங்களினூடே நடப்பவன், ஒரே நீண்ட கூரையின் கீழ் இடைச்சுவர் வைத்துக் காம்பரா காம்பராவாகப் பிரித்த லயத்தைக் கண்டு, கணினியின் வன்தட்டும் இப்படித்தான் பகுக்கப்பட்டிருக்கும் என்று எண்ணுவது சகஜம். ஆனால் வன்தட்டிலே சுவர் என்று ஒன்றும் கிடையாது. ஐ.பி.எம். கணினிகளில் 1983 முதல் வழங்கிய பழைய முறைப்படி, தட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள், பகுதி ஒன்றுக்கு 16 பைட்டாக, நான்கு பகுதிகளுக்கு எழுதிவைத்த 64 பைட்டுப் பெயரேடுதான் அத்தனை சுவர்களும்; அந்த ஏட்டைப் படித்துவைத்துக்கொண்டு, ஒரு பகுதியை நாடி வரும் ஒவ்வொரு வேண்டுகோளிலும் அதன் தொடக்க எண்ணைக் கூட்டி, எல்லை தாண்டுவதைத் தடுப்பது பணிசெயல் முறைமையின் கருவாகிய கெர்னலின் கடமை.

ஏடு கெட்டால் கெர்னலுக்குப் பகுதிகள் தெரியாமற் போகுமே ஒழிய, கடிதமும் கல்யாணப் படமும் இருந்த இடத்திலேயே இருக்கும். வம்சாவளியாலோ பதிவாலோ உரிமை காட்ட முடியாதவன் இந்நாட்டவன் அல்லன் என்று 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தீர்த்துவிட்ட பிறகும் அதே லயத்துக் காம்பராவில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த தோட்டத்து ஜனங்களுக்கு இதை விளக்கப் பிரசங்கம் வேண்டியதில்லை.

அநர்த்தம் விளைவது மேலே எழுதும்போதுதான். லினக்ஸைச் சிருஷ்டித்த லினஸ் டோர்வால்ட்ஸே, மோடத்தின் வழியாகப் பல்கலைக்கழகக் கணினிக்கு டயல் செய்யப் போய், சாதனத்தின் பெயரை மாற்றிக் கொடுத்து, மோடத்துக்குரிய கட்டளையைத் தம் வன்தட்டின் மீதே எழுதி, மினிக்ஸ் என்ற பணிசெயல் முறைமை இருந்த பகுதியைப் பாழாக்கிக்கொண்டார். சாதனத்தையும் கோப்பைப்போலவே பாவிக்கும் யுனிக்ஸ் மரபில், அதிகாரமுள்ளவன் முழுத்தட்டின் பெயரைச் சொல்லிவிட்டால் கெர்னல் பொதுவாக மறுபேச்சுப் பேசுவதில்லை. (மினிக்ஸைக் கைவிட்டு அவர் முழுமனதோடு லினக்ஸுக்கே குடிபெயர அது காரணமாயிற்று, எல்லோருக்கும் அப்படி நஷ்டம் லாபமாவதில்லை.)

ஆகையால், பகுதி தெரியவில்லை என்று கணினியைத் தூக்கிக்கொண்டு போனவுடனேயே, "ஃபோமட் அடிச்சுத் தாரேன்" என்று கடைக்காரர் சொல்லும் வழக்கத்தை நான் ஆட்சேபிக்கிறேன். குடியிருப்பவர் இருக்கும்போதே வீட்டைக் காலி என்று எழுதி வேறொருவருக்குக் கொடுக்கும் கிருத்தியம் அது. தட்டே பழுதாகாதவரை, டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள், கெட்டுப்போன ஏட்டை நம்பியிராமல் தட்டைத் துழாவிப் பழைய பகுதிகளின் அடையாளங்களைத் தேடிப் பார்க்கிறது, இக்காலத்து ஜி.பி.டி. முறையிலோ ஏட்டின் இரண்டாம் பிரதி தட்டின் கடைசியிலேயே இருக்கிறது. இவற்றைப் பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள். கடைக்காரர் விழித்தால், கணினியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள்.