குறைமாதக் குழந்தைக்கு நாள் குறிப்பது பஞ்சாங்கமா?

அனுமந்தன்பட்டியிலாகட்டும், கம்பம் பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களிலாகட்டும், குழந்தைக்கு முதல் சோறு ஊட்ட நாளும் நட்சத்திரமும் பார்க்கின்ற வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. ஆணுக்கு 6-ம் மாதமாம், பெண்ணுக்கு 5-ம் மாதமாம்! பெண் குழந்தையின் குடல் மாத்திரம் ஒரு மாதம் முந்தி முதிர்ந்துவிடுமா? ஜோசியர்தான் பதில் சொல்லவேண்டும். நிறைமாதக் குழந்தையாவது இந்தக் கூத்தை எப்படியோ சமாளித்துக்கொள்ளும். 37 வாரம் நிறையாமல் பிறந்த குழந்தையின் கதி என்ன என்பதே நமது கேள்வி.

கணக்கைப் பாருங்கள். பிள்ளை வயிற்றில் இருக்கவேண்டியது 40 வாரம். 30-ம் வாரத்தில் பிறந்துவிட்டால் 10 வாரம் பாக்கி. பிறந்து 6 மாதம், அதாவது 26 வாரம் ஆகும்போது, அதன் உடம்புக்கு வயது 16 வாரந்தான். 4 மாதங்கூட நிறையவில்லை. டாக்டர்கள் இதைத் 'திருத்திய வயது' என்கின்றார்கள். பஞ்சாங்கத்திற்கோ இந்தக் கழித்தல் கணக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் முகூர்த்தமும் தட்சிணையுமே.

"இளைத்த பிள்ளை, சீக்கிரம் சோறு கொடுத்தால் தேறும்" என்பார்கள் பெரியவர்கள். அன்பினால் சொல்லுவதுதான், ஆனால் அன்பு அத்தாட்சியாகாது. 34 வாரத்திற்கு முன் பிறந்த 403 குழந்தைகளை வைத்து இந்தியாவிலேயே 3 பொது ஆஸ்பத்திரிகளில் ஆராய்ந்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். திருத்திய வயது 4 மாதத்தில் ஆகாரம் ஆரம்பித்த பிள்ளைகள், 6 மாதத்தில் ஆரம்பித்தவர்களைவிட ஒரு வயதில் எடை கூடியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டி வந்ததுதான் அதிகம். "எங்கள் பிள்ளைகளெல்லாம் பிழைக்கவில்லையா?" என்பீர்களானால், பிழைத்தது பேசுகின்றது, செத்தது சாட்சி சொல்ல வருமா?

படித்தவர்களிடம் புது மந்திரம் ஒன்றிருக்கின்றது. குழந்தையே தன் கையால் எடுத்துத் தின்னவேண்டும், ஊட்டவே கூடாது என்பது. இங்கிலாந்தில் ஜில் ராப்லி என்னும் அம்மையார் பரப்பிய முறை இது. வாயில் திணிக்காமல், பிள்ளையின் பசிக்கும் மறுப்புக்கும் மரியாதை கொடுப்பதால் இதில் நல்ல அம்சம் உண்டு. ஆனால் கழுத்து உறுதிப்படாத, கைப்பிடி வலுக்காத குறைமாதப் பிள்ளைக்கு இதையே விதியாக்கினால், போதிய ஆகாரம் உள்ளே போகாது. பஞ்சாங்கத்தைக் கீழே போட்டுவிட்டுச் சீமைப் புத்தகத்தைத் தலையில் தூக்கிக்கொள்வது பகுத்தறிவாகுமா?

தாய்மார்களே! தலை நிற்கின்றதா, தாங்கி உட்காரவைத்தால் உட்காருகின்றதா, உணவைக் கண்டு வாய் திறக்கின்றதா, நாக்கால் வெளியே தள்ளாமல் விழுங்குகின்றதா என்று பாருங்கள், டாக்டரையும் கேளுங்கள். அதுதான் நல்ல நாள். மசித்ததைக் கரண்டியால் கொடுங்கள். குழைய வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டைக் கையிலும் கொடுத்து, பக்கத்திலேயே இருங்கள். வாயைத் திருப்பினால் விட்டுவிடுங்கள். தாய்ப்பால் தொடரட்டும். கடைசி மாதங்களில் தாயிடமிருந்து சேரவேண்டிய இரும்புச்சத்து இப்பிள்ளைகளுக்குச் சேரவில்லை. ஆகவே நெய்ச்சோறு மாத்திரம் போதாது. பருப்பு, கீரை, முட்டை, ஈரல் ஆகியவற்றையும் மசித்துக் கொடுக்கவேண்டும். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்துச் சொட்டுமருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு வயது வரை நாக்கில் தேன் தடவுவது ஆகவே ஆகாது. நமது பள்ளத்தாக்கின் திராட்சையை முழுதாய்க் கொடுத்தால் தொண்டையை அடைத்துவிடும். விதை நீக்கி, நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள்.

ஜோசியருக்குக் கொடுக்கும் தட்சிணையைப் பஸ் சார்ஜாக வைத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேனி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்வாருங்கள். அங்கே பிள்ளையை நிறுத்துப் பார்ப்பார்கள், நட்சத்திரம் கேட்கமாட்டார்கள்.